புதுமையா? பூச்சா?

காலத்துக்கு ஒரு மந்திரச் சொல் உண்டு. ஒரு காலத்தில் 'மின்சாரம்' என்றார்கள். பிறகு 'அணு' என்றார்கள், 'எலக்ட்ரானிக்' என்றார்கள், 'டிஜிட்டல்' என்றார்கள், நேற்று 'ஸ்மார்ட்' என்றார்கள். இன்று 'செயற்கை நுண்ணறிவு' என்கிறார்கள்; சுருக்கமாக, ஏ.ஐ. பல் துலக்கும் பிரஷ்ஷிலே ஏ.ஐ.; துணி துவைக்கும் இயந்திரத்திலே ஏ.ஐ.; குளிர்பதனப் பெட்டியிலே ஏ.ஐ.! சொல் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சொல்லை நம்பிக் காசை எண்ணி வைக்கும் ஏழைதான் மாறாமல் நிற்கிறான்.

நான் இந்தச் சொல்லுக்குப் பகைவன் அல்லேன். இயற்பியலில் முதுகலை பயில்பவன். ஒலி அலைகளைக் கணிப்பொறியிலே இட்டு, இரைச்சலையும் பேச்சையும் பிரித்தறியப் பழகுவதே என் ஆய்வு வேலை. அந்தத் துறையிலே செயற்கை நுண்ணறிவு செய்திருக்கும் அருஞ்செயல்களைக் கண்டு வியந்தவன். அப்படிப்பட்டவன்தான் சென்ற ஆண்டு ஒரு பிழை செய்தேன். அந்தப் பிழையை ஒளிக்காமல் சொல்லிவிட்டால், நான் சொல்ல வந்த கருத்து நண்பர்களுக்குத் தானே விளங்கும்.

தருமபுரி மாவட்டத்து அரூர்ப் பக்கம் எங்கள் ஊர். பிழைப்பு எங்களைப் பீன்யாவுக்குக் கொண்டுவந்தது. பீன்யாவை அறியாதவர் நம் சங்கத்திலே இருக்க முடியாது. ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்று என்று பெயர் பெற்ற இடம். கடைசல் எந்திரமும் பவர் பிரஸ்ஸும் ஓயாது ஒலிக்கும் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள். அவற்றில் ஒன்றிலே இருபத்தெட்டு ஆண்டு தகடு வெட்டியவர் என் பெரியப்பா. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல்லுக்கு மேல் ஒலி இருக்கலாகாது என்பது விதி. விதி ஏட்டிலே இருந்தது. ஒலி காதிலே விழுந்தது. இரும்பை வெட்டிய ஓசை மெல்ல மெல்ல அவர் செவியையும் வெட்டிவிட்டது.

தீபாவளி போனஸ் வந்தது. அண்ணன், அதாவது பெரியப்பாவின் மகன், கைப்பேசியில் ஒரு காது மிஷினைக் காட்டி என்னைத்தான் கேட்டார்: "நீ படிச்சவன். இதுல ஏ.ஐ. இருக்குதாம். வாங்கலாமா தம்பி?"

படத்தைப் பார்த்தேன். நீல ஒளி வட்டங்கள், வெள்ளைக் கோட்டு மனிதர், சிரிக்கும் முதியவர். "ஏ.ஐ. இருந்தால் நல்லதுதான் அண்ணா" என்றேன். நான்கே சொல்! விலை 8,999 ரூபாய்.

பெட்டி வந்தது. பெரியப்பா மாட்டிக்கொண்டார். ஒரு வாரம் கழித்துக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "மிஷின் சத்தம் நல்லாத்தான் கேக்குது தம்பி. நீங்க பேசறதுதான் கேக்கல."

அந்த ஒரு வாக்கியத்திலே பெரிய விஞ்ஞானமே அடங்கியிருக்கிறது. பட்டறை ஒலியால் கெடும் காது எல்லா ஒலியையும் ஒரே அளவில் இழப்பதில்லை. முதலில் கெடுவது 4000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த சுருதி. நாம் பேசும்போது உயிர் ஒலிகள் தாழ்ந்த சுருதியில் வலுவாக வருகின்றன. வல்லின மெய்களின் கூர்மையோ உயர்ந்த சுருதியில், மெலிந்து வருகிறது. ஆகவே 'கட்டு', 'பட்டு', 'தட்டு' மூன்றும் அவருக்கு ஒன்றே. உயிர் கேட்கிறது; மெய் கேட்கவில்லை! இன்னொரு துன்பமும் உண்டு. மெல்லிய ஒலி கேட்காத அதே காதுக்கு, உரத்த ஒலி மட்டும் பழைய வலுவோடு வந்து தாக்கும். எனவே அவருக்கு வேண்டியது எல்லாவற்றையும் பெருக்கும் கருவியன்று. இழந்த சுருதியை மட்டும் உயர்த்தி, உரத்ததை அடக்கி, அவர் செவியின் அளவுக்கேற்ப அமைக்கப்பட்ட கருவி.

நான் அந்த மிஷினை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றேன். ஒரு சிறு குழாயிலே பொருத்தி, மறுமுனையில் ஒலிமானி வைத்து, 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். தாழ்ந்த சுருதிகளிலே நன்றாகப் பெருக்கியது. பெரியப்பாவுக்கு எங்கே தேவையோ அந்த 4000-இல் மட்டும் தளர்ந்து போயிற்று. விசிறி இரைச்சலோடு பேச்சைக் கலந்து கொடுத்தேன். இரண்டையும் ஒரே அளவில் உயர்த்தியது. 'ஏ.ஐ. முறை' என்ற பொத்தானை அழுத்தினேன். கைப்பேசித் திரையிலே ஒரு நீல வட்டம் சுழன்றது. ஒலிமானியின் எண் அசையவில்லை! என் சோதனை செவியியல் வல்லுநர் செய்யும் சோதனைக்கு ஈடாகாது. ஆயினும் வட்டம் சுழல்வது வேறு, வேலை நடப்பது வேறு என்று காட்ட அது போதும்.

இந்த இடத்திலே சிலர் குறுக்கிடலாம். "மலிவான பொருள் அப்படித்தான் இருக்கும். பேர்பெற்ற நிறுவனத்தின் பொருளை வாங்கியிருக்க வேண்டும்" என்பர். அந்த வாதம் முழுதும் செல்லாது. ஒரே நிறுவனத்தின் கூடையிலேயே புதுமையும் இருக்கும், பூச்சும் இருக்கும்.

ஆப்பிள் நிறுவனத்தைப் பாருங்கள். பாட்டுக் கேட்கும் காதணி ஒன்றை, குறைந்த அளவும் நடுத்தர அளவும் செவிக்குறை உள்ளவர்களுக்குக் கேட்புக் கருவியாக்கும் மென்பொருளுக்கு, 2024 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்துத் துறை இசைவளித்தது. 118 பேரை வைத்து நடத்திய சோதனை அதற்குச் சான்றாக நின்றது. அது புதுமை. அதே நிறுவனம் 2024-இல் தன் 'சிரி' உதவியாளர் செயற்கை நுண்ணறிவால் என்னென்னவோ செய்யும் என்று விளம்பரம் செய்து கைப்பேசியை விற்றது. 2025 மார்ச்சில், அந்த வசதிகள் வரத் தாமதமாகும் என்று சொல்லி, விளம்பரம் ஒன்றையும் திரும்பப் பெற்றது. இது பூச்சு. ஆகவே நிறுவனத்தின் பெயரைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு கூற்றையும் தனியே நிறுத்தி வைத்துத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

எந்தக் கேள்விகளை? நான் பட்டுக் கற்றவை நான்கு.

முதற்கேள்வி: இந்தக் கருவி எதை அளக்கிறது? அளவாமல் அறிய முடியாது. 1965-இல் லாட்ஃபி ஸாதே என்ற பேரறிஞர், 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைகளைக் கணக்கிலே கொண்டுவரும் 'ஃபஸி' கணிதத்தைத் தந்தார். 1990-இல் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் அதைத் துணி துவைக்கும் இயந்திரத்தில் புகுத்தியது. தண்ணீரின் கலங்கலை ஒளியால் அளந்து, அழுக்குக்கு ஏற்ப நேரத்தை மாற்றியது அந்த இயந்திரம். அது மெய்யான முன்னேற்றம். உடனே 'ஃபஸி' என்பதே நாட்டின் பேச்சாயிற்று. அளவுக் கருவி இருக்கிறதோ இல்லையோ, பெட்டிதோறும் அந்தச் சொல் ஏறிக்கொண்டது. அன்று 'ஃபஸி' ஏறிய இடத்திலேதான் இன்று 'ஏ.ஐ.' ஏறியிருக்கிறது. கேள்வி மட்டும் அதேதான்: உள்ளே கலங்கலை அளக்கும் கண் இருக்கிறதா?

இரண்டாம் கேள்வி: அளந்ததைக் கொண்டு எதை மாற்றுகிறது? பெரியப்பாவின் மிஷினுக்கும் ஒலிவாங்கி இருந்தது. அது கேட்கத்தான் செய்தது. கேட்டதை வைத்து ஒன்றையும் மாற்றவில்லை. இன்று உயர்ந்த கேட்புக் கருவிகள் சிலவற்றில், ஏராளமான ஒலிச் சூழல்களைக் கொண்டு பயிற்றப்பட்ட நரம்பியல் வலைப்பின்னல் உண்மையாகவே இயங்கி, பேச்சை இரைச்சலிலிருந்து பிரிக்க முயல்கிறது. அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. இரண்டுக்கும் பெட்டியிலே ஒரே சொல்! அதுதான் கொடுமை.

மூன்றாம் கேள்வி: அந்தச் சொல்லை அழித்துவிட்டால் எது குறையும்? நம் தலைக்கு மேலே சுழலும் விசிறியைப் பாருங்கள். பழைய விசிறி ஏறக்குறைய 75 வாட் தின்னும். பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய விசிறி 30 வாட்டுக்கு அருகில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 12 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்று கணக்கிட்டால், ஒரு விசிறிக்கே 160 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஏ.ஐ. என்ற சொல் அதற்குத் தேவையே இல்லை. காந்தமும் சுருளும் செய்த புரட்சி அது. பெயரை அழித்தாலும் மின்கட்டணச் சீட்டிலே அதன் பயன் தெரியும். மறுபுறம் 'ஹியூமேன்' என்றொரு நிறுவனம், சட்டையிலே குத்திக்கொள்ளும் ஏ.ஐ. ஊசியை 699 டாலருக்கு 2024-இல் விற்றது. கைப்பேசிக்கே முடிவு வந்ததென்று பேசினார்கள். 2025 பிப்ரவரி 28-இல் அதன் பணி நிறுத்தப்பட்டது. வாங்கியவர் சட்டையிலே மிஞ்சியது வெறும் வில்லை!

நான்காம் கேள்விதான் தலையாயது: இது எங்கே தோற்கும்? இதற்கு விடை தேட நான் நெடுந்தூரம் செல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், பீன்யா இரண்டாம் கட்டத்திலேயே அந்த விடை இருக்கிறது. இஸ்ரோவின் தொலையளவு, தடமறிதல், கட்டளை வலையமைப்பான 'இஸ்ட்ராக்' அங்கேதான் இயங்குகிறது. பட்டறைக்குப் போகும் தொழிலாளி நாள்தோறும் அதன் மதிலைக் கடந்து போகிறான்.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 நிலவிலே இறங்கியது. விழுப்புரத்திலே பிறந்த வீரமுத்துவேல் அவர்கள் அத்திட்டத்தின் இயக்குநர். இறங்கும் வேளையிலே இங்கிருந்து கைப்பிடித்து நடத்த முடியாது. கருவியே தன் உயரத்தை அளந்து, வேகத்தை அளந்து, பள்ளமும் பாறையும் எங்கே என்று தன் கேமராவால் பார்த்து, இடம் தேர்ந்து இறங்கியது. தானே அளந்து தானே முடிவெடுத்த கருவி! அதன் நெற்றியிலே யாரும் 'ஏ.ஐ.' என்று ஒட்டுச்சீட்டு ஒட்டவில்லை.

அதனினும் பெரிது ஒன்று. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இறங்குகலம் நிலவிலே மோதி வீழ்ந்தது. இஸ்ரோவின் தலைவராயிருந்த சோமநாத் அவர்கள் பின்னாளில் அத்தோல்வியின் காரணங்களை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட மிகுந்த உந்துவிசை தந்தன, பிழைகள் சேர்ந்தன, கலம் திரும்பக்கூடிய வேகத்துக்கு எல்லை இருந்தது, இறங்கக் குறித்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று சிறியதாக இருந்தது. எனவே அடுத்த கலத்தில் இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள், கால்களை வலுப்படுத்தினார்கள், வேகம் அளக்க லேசர்க் கருவி சேர்த்தார்கள். எது எது தவறக்கூடும் என்று எண்ணி எண்ணி அமைத்தார்கள். தோல்வியை அறிவித்துவிட்டு அதன் மேல் எழுப்பிய வெற்றி அது. விஞ்ஞானத்தின் இலக்கணம் இதுவன்றோ?

அதே ஆண்டு, ஐந்து மாதம் முன்னதாக, இன்னொரு நிலவுக் கதையும் நடந்தது. சாம்சங் நிறுவனத்தின் விலையுயர்ந்த கைப்பேசி நிலவை வியக்கத்தக்க தெளிவோடு படம் பிடிக்கும் என்று பேசப்பட்டது. ஒருவர் நிலவின் படமொன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணிப்பொறித் திரையிலே காட்டி, விளக்கை அணைத்துத் தொலைவிலிருந்து அந்தக் கைப்பேசியால் படம் பிடித்தார். மங்கலான படத்தில் இல்லாத பள்ளங்கள் புதிய படத்தில் தோன்றின! நிலவென்று கண்டுகொண்டால் அதன் நுண்விவரங்களைத் தங்கள் செயற்கை நுண்ணறிவு துலக்கிக் காட்டும் என்று நிறுவனமும் விளக்கம் தந்தது.

இரண்டு கேமராக்கள், ஒரே நிலவு. ஒன்று, பள்ளம் இருக்கிறதா என்று அஞ்சி அஞ்சிப் பார்த்தது, தவறினால் வீழ்ச்சி. மற்றொன்று, பள்ளம் இருக்குமென்று தானே எண்ணித் தீட்டிக்கொண்டது; தவறினாலும் கேட்பாரில்லை. புதுமைக்கும் பூச்சுக்கும் உள்ள வேறுபாடு இதைவிடத் தெளிவாக எனக்குத் தெரியவில்லை. தவறினால் தனக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லத் துணிவது புதுமை. தவறவே தவறாது என்பது பூச்சு.

"விளம்பரமென்றால் கொஞ்சம் மிகைப்படுத்தத்தான் செய்யும். இதற்கு இவ்வளவு சினமா?" என்று கேட்கும் நண்பரும் உண்டு. சோப்புக்கு மணம் கூட்டிச் சொன்னால் நானும் சிரித்துவிட்டுப் போவேன். இங்கே பறிபோனது மணமன்று. பெரியப்பாவுக்கு உரிய பரிசோதனை எட்டு மாதம் தள்ளிப் போயிற்று. "ஏ.ஐ. மிஷினுக்கே கேக்கல, இனி எதுக்குடா ஆஸ்பத்திரி?" என்று அவர் நம்பிக்கை இழந்தார். பொய்யான கருவி பணத்தை மட்டும் தின்பதில்லை. மெய்யான கருவியின் மீதுள்ள நம்பிக்கையையும் தின்றுவிடுகிறது. அந்த இழப்பு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

சட்டம் உறங்குகிறது என்று சொல்லமாட்டேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மயக்கும் விளம்பரத்துக்கு 10 லட்ச ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்க வழி உண்டு. அமெரிக்காவிலே, தாங்கள் பயன்படுத்தாத செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதாகச் சொன்ன இரண்டு முதலீட்டு ஆலோசனை நிறுவனங்கள் 2024 மார்ச்சில் மொத்தம் 4 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. நம் நாட்டிலேயே, 2023 ஜனவரி 1 முதல் மேல்விசிறிக்கு நட்சத்திரக் குறி கட்டாயமாக்கப்பட்டது. 'சிக்கனமானது' என்று வாயால் சொன்னால் போதாது; எண்ணால் காட்டு என்று அரசு சொல்லிவிட்டது. அதுபோலவே, 'ஏ.ஐ.' என்று எழுதுபவன் எதை அளக்கிறது, எதை மாற்றுகிறது, எங்கே தோற்கும் என்பதையும் பெட்டியின் மேலே எழுதட்டுமே! அதுவும் வாங்குபவன் படிக்கும் மொழியிலே எழுதட்டும்.

ஆனால் அரசு எழுதும் வரையில் காத்திருப்பதா? மாணவ நண்பர்களே, நம் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம்மில் பலர் வீட்டிலே முதன்முதல் பட்டம் பெற்றவர்கள். ஊரிலிருந்தோ, பீன்யாவின் சந்துகளிலிருந்தோ, "நீ படிச்சவன், இதை வாங்கலாமா?" என்று நம்மைத்தான் கேட்கிறார்கள். விளம்பரக்காரன் கோடி செலவிட்டும் பெற முடியாத நம்பிக்கை அது. நான் அதை நான்கு சொல்லிலே விற்றேன். எனக்கு ஒரு காசும் வரவில்லை. ஆயினும் விற்றவன் நானே.

இன்னொன்றும் உண்டு. நாளை நம்மில் சிலர் இதே நகரத்து நிறுவனங்களிலே அமர்ந்து, அந்த நீல வட்டத்தைச் சுழலவிடும் நிரலை எழுதப் போகிறோம். அன்று மேலாளர் "எண் அசையாவிட்டால் என்ன, வட்டம் சுழலட்டும்" என்று சொன்னால், நம் விரல் என்ன செய்யும்? இந்தக் கேள்விக்குத் தேர்வுத்தாளிலே இடமில்லை. சங்கத்திலே இடம் வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். திங்களுக்கு ஒரு ஞாயிறு, பீன்யாவிலே நம் சங்கம் ஒரு மேசை போடட்டும். ஓர் ஒலிமானி, ஒரு வாட் அளவி, பழைய மடிக்கணினி ஒன்று, இவ்வளவு போதும். வாங்குமுன் கேட்க வருபவருக்கு அந்த நான்கு கேள்விகளையும் தமிழிலே அச்சிட்டுக் கொடுப்போம். வாங்கிவிட்டு வருபவரின் பொருளை அளந்து காட்டுவோம். நல்ல பொருளாயின் நல்லதென்றே சொல்வோம். எதையும் பழிப்பதற்கன்று அந்த மேசை, அளப்பதற்கு.

பெரியப்பா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். வற்புறுத்தி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அறையிலே அமர்த்தி, சுருதி சுருதியாக ஒலி கொடுத்து, ஆடியோகிராம் எடுத்தார்கள். 4000 ஹெர்ட்ஸுக்கு அருகே கோடு பள்ளத்திலே விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்துக்கு ஏற்றபடி அமைத்த ஒரு சாதாரண டிஜிட்டல் கருவி கிடைத்தது. அதன் பெட்டியிலே நீல ஒளி இல்லை. மந்திரச் சொல்லும் இல்லை. பழகச் சில வாரம் ஆயிற்று. கூட்டத்திலே பேசினால் இன்னமும் தடுமாறுகிறார். அதை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

ஒரு மாலை, பெரியம்மா அடுப்பிலே தாளித்துக்கொண்டிருந்தார். கூடத்திலே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா தலையை உயர்த்தி, "கடுகு வெடிக்குது பார், தீயைக் குறை" என்றார்.

பெரியம்மா கரண்டியைக் கையிலே பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.